மாலை கழற்றிய மறுநாள்

காலண்டரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 1996 மார்ச் மாதம், காவிரிக் கடைமடையில் ஒரு சிற்றூர். சமூகப்பணி முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் களப்பணிக்காக அங்கே போயிருந்தேன். கையில் 45 கேள்விகள் கொண்ட படிவம். ஊரில் குடிப்பழக்கம் எப்படிப் பரவுகிறது, அதைத் தடுக்க ஊரால் என்ன முடியும் என்பது ஆய்வின் பொருள். பதினேழாவது கேள்வி இது: கடந்த ஒரு மாதத்தில் உங்கள் கணவர் எத்தனை நாள் குடித்தார்?

அந்தக் கேள்வியை ஒரு அக்காவிடம் கேட்டேன். அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். கேள்வியைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “குடிச்ச நாள யாரு தம்பி எண்ணுவா? குடிக்காத நாளத்தான் எண்ணி வெச்சிருக்கேன்” என்றார். எழுந்து உள்ளே போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

நகை அடகுக் கடைக்காரர் கொடுத்த காலண்டர். தேதிக் கட்டங்களில் நீலப் பேனாவால் குறுக்குக் கோடுகள். அவர் ஒரு பசு வைத்திருந்தார். சொசைட்டிக்கு ஊற்றிய பாலின் கணக்கு அது. அதே கட்டங்களின் மூலையில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி, பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். பிப்ரவரியில் நான்கு வட்டங்கள் இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள். நான்கு போக 25 என்று படிவத்தில் எழுதிக்கொண்டேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் முடிக்கவில்லை. முந்தைய வருஷத்துக் காலண்டரும் அதே ஆணியில் புதியதற்கு அடியில் இருந்தது. அதையும் எடுத்து வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். ஏப்ரலிலும் மேயிலும் வட்டங்கள் கூடுதல். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை வயலில் வேலை கிடையாது, கையில் காசு கிடையாது. நடவு தொடங்கியதும் வட்டங்கள் அருகிவிட்டன. பிறகு நவம்பர் வந்தது. பதினேழாம் தேதி தொடங்கி ஒரு நாள் விடாமல் வட்டம். டிசம்பரிலும் 28 வரை வட்டம். 29-ஆம் தேதியில் இல்லை. அதற்குப் பிறகு நான் போய் உட்கார்ந்த அந்த மார்ச் வரை மாதத்துக்கு மூன்றோ நான்கோதான்.

நவம்பர் தாளில் விரலை வைத்துக்கொண்டு, “மாலை போட்டிருந்தாருல்ல” என்றார்.

என்னுடைய 45 கேள்விகளில் மாலையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மறுநாளும் அந்த வீட்டுக்குப் போனேன். படிவத்தை எடுத்துப் போகவில்லை. மாலை போட்ட அந்த நாற்பத்திரண்டு நாளும் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். மாலை போட்ட அன்றே கணவரின் பெயர் போய்விட்டது. பெண்டாட்டியும் சாமி என்றார், பிள்ளைகளும் சாமி என்றார்கள். நேற்றுவரை பாக்கெட் சாராயத்துக்குப் பங்காளியாக இருந்தவரும் ‘சாமி’ என்று சொல்லி வழிவிட்டு நின்றார். விடியலில் ஒரு குளியல், அந்தியில் ஒரு குளியல். ஏழு மணிக்கு யார் வீட்டிலாவது பஜனை. பஜனை முடிந்தால் சுண்டல், பொங்கல், பேச்சு. வீட்டுக்கு வந்து படுக்கும்போது பத்து மணி. குடிக்கிற பொழுது முழுவதையும் வேறொன்று எடுத்துக்கொண்டது. கல்லீரலைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குருசாமி ஒருவர் இருந்தார். ஒரு பஜனைக்கு வரவில்லை என்றால் மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பார்.

மாலை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கழுத்தில் விழுகிற மாலை, பகல் முடிந்து வருகிற மாலை. அந்த வீட்டில் முதலாவது இரண்டாவதைக் காப்பாற்றியிருக்கிறது. சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் பெயர் திரும்பி வந்தது, பங்காளி திரும்பி வந்தார், காலியான சாயங்காலமும் திரும்பி வந்தது. எல்லாம் ஒரே நாளில். நாற்பத்து மூன்றாம் நாளுக்கு ஊரில் பொறுப்பாளர் யாரும் இல்லை.

சமூகத்தில் போதைத் தடுப்பு பற்றி ஆராய்வது என்றால் என்ன என்று என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் கேட்கும்போது நான் இந்தக் காலண்டரைத்தான் சொல்கிறேன். எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று எண்ணுவது தேவைதான். ஆனால் ஊரில் ஏற்கெனவே குடியைத் தள்ளிவைப்பது எது, அது எந்த நாளில் கையை விடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் உயிர். கோவில் வாசலில் கட்டிக்கொள்ளும் கயிறு, தவக்காலம், ரமலான் நோன்பு என்று ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியிலிருந்து கொண்டு வந்து கொட்டுகிற எதுவும் ஊரில் ஒட்டுவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் பெரிய பிழையாகிவிடும். விரதம் மருத்துவம் ஆகாது. பல ஆண்டுகள் நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், நாள் கிழமை குழம்பும், உயிரே போகலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படிப் பிதற்றியவரைச் ‘சாமி குத்தம்’ என்று சொல்லி ஊரார் கோவிலுக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் கொண்டுபோயிருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. விடியலில் எழுந்ததும் கைநடுக்கத்தை நிறுத்தவே குடிக்கிறவர் என்றால், நிறுத்துவதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அதே ஊரின் டீக்கடையில் ஆண்களிடம் கேட்ட இன்னொரு கேள்வி, குடித்தபின் வீட்டில் அடிதடி உண்டா என்பது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு. பழமொழி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். எழுத எழுத அது அந்த ஊரின் தீர்ப்பு என்று புரிந்தது. குடித்தவன் சொன்ன சொல்லும் ஓங்கிய கையும் விடிந்தால் கணக்கில் வராது என்று ஊரே கூடி எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. இந்தப் பழமொழியை ஒரு பெண்ணிடம் திருப்பிச் சொன்னபோது அவர் முழங்கைக்கு மேலே இருந்த கன்றலைக் காட்டி, “விடிஞ்சா அவருக்குப் போச்சு. எனக்கு எங்க போச்சு?” என்றார்.

கிரெய்க் மக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து மானிடவியலாளர்கள் எழுதி வைத்த குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். குடித்தால் கால் தடுமாறுவதும் நாக்குக் குழறுவதும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. குடித்தபின் அடிப்பதா, அழுவதா, பாடுவதா, படுத்து உறங்குவதா என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. ஒரே சமூகத்தில் காலத்துக்குக் காலமும் மாறியது. சாராயம் உடம்பைத் தள்ளாட வைக்கிறது. எங்கே எல்லை மீறலாம் என்பதைச் சமூகம் சொல்லிக்கொடுக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதற்கு அமெரிக்கப் புத்தகம் எனக்குத் தேவைப்படவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பெண்டாட்டியை இழுத்துப் போட்டு அடித்தவர், அதற்குக் கால் மணி நேரம் முன்னால் வரப்பில் எதிரே வந்த நிலக்காரரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றதை நானே கண்டேன். அவ்வளவு போதையிலும் யாரிடம் குனிய வேண்டும், யார்மேல் கை வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுயநினைவு இல்லை என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் இந்தத் துண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஊர் இதிலே இரண்டு தவறு செய்கிறது. மன்னிக்கக் கூடாததை மன்னிக்கிறது. வெட்கப்பட வேண்டாததற்கு வெட்கப்படுகிறது. அடித்தது விடிந்தால் போச்சு. ஆனால் குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்பது மட்டும் ஏழு தலைமுறைக்கும் மறக்காத செய்தி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் எடுத்துச் சொல்வார்கள். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அது உதவி தேவைப்படும் அளவுக்குப் போய்விட்டது என்று சொன்னது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரைத் தடுத்தவற்றில் பணமும் தூரமும் உண்டு. வெட்கம் அவற்றுக்குக் குறைந்ததில்லை என்பது என் அனுபவம்.

பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் ஜூன் 26, சர்வதேசப் போதை ஒழிப்பு நாள். வெயிலில் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். கையில் மண்டை ஓடும் பாம்பும் வரைந்த அட்டை. உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. குடித்துத் திருந்திய ஒருவர் மேடையேறித் தன் கதையைச் சொல்கிறார். இதையெல்லாம் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் உலகெங்கும் நடந்த ஆய்வுகளை எடைபோட்டு 2013-இல் வெளியிட்ட தர நெறிகள், அச்சுறுத்துவதாலும் வெறும் தகவலைச் சொல்வதாலும் பழைய அடிமைகளைச் சாட்சி சொல்ல வைப்பதாலும் பிள்ளைகளிடம் பலன் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் 1983-இல் காவல்துறையினர் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. பத்து ஆண்டு கழித்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நம் பிள்ளைகள் உதட்டுக்குள் கூல் லிப் புகையிலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே உறுதிமொழியை வாசிக்கிறார்கள் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொல்லி அழுதார். அவருடைய பள்ளிக்கு எதிரில் இருந்த பெட்டிக்கடையில் அது கிடைத்தது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கடைக்காரரிடம் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசியிருந்தால், அந்த ஆண்டு ஊர்வலத்தைவிட அது பெரிய காரியமாக இருந்திருக்கும்.

பாடமே பயன்படாது என்று நான் சொல்லவில்லை. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயல்வேலை பார்த்த பெண்கள் இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அவர்கள் கையில் இருந்த பாடநூலில் ஒரு கதை: ஒரு ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூட வைத்த கதை. அதைப் படித்து முடித்தவர்கள், நம் ஊரில் ஏன் முடியாது என்று கேட்டார்கள். சாராய வண்டியை ஊருக்குள் விடாமல் மறித்தார்கள். 1992-இல் அது மாவட்டம் முழுவதும் பற்றிக்கொண்டது. 1993-இல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது, 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997-இல் அது தளர்த்தப்பட்டது. சட்டம் வந்து போனதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் மனம் அந்தப் பாடநூலிலேயே நிற்கிறது. அதில் மண்டை ஓடு இல்லை. கல்லீரல் படம் இல்லை. தன்னைப் போன்ற பெண்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள் என்ற செய்தி மட்டும் இருந்தது. அதோடு, அந்தப் பாடம் சாயங்காலத்தில் நடந்தது. பத்துப் பெண்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் களப்பணி செய்த ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத மஞ்சக்குடியைப் பற்றி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படிக்கும்போது யாரும் சொல்லவில்லை என்ற வருத்தம் உண்டு. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தோடு வீட்டில் முடங்காமல் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனையை டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும். சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க முடியாத கூலிக்காரர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அவர்கள் தேடிய விடைதான் 1989-இல் மஞ்சக்குடியில் தொடங்கிய முகாம். ஆஸ்பத்திரியை ஊருக்கு எடுத்துப் போனார்கள். இடமும் சாப்பாடும் உள்ளூர் அறக்கட்டளையின் பொறுப்பு. யாருக்குச் சிகிச்சை தேவை என்று கண்டு அழைத்து வருவதில் ஊர்க்காரர்களுக்குப் பங்கு. பதினைந்து நாள் தங்கல். நோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு. 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற ஆய்விதழில் அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் எழுதினார்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது முகாமுக்குப் பின்னால் நடந்தது. பதினைந்து நாளில் யாரையும் குணப்படுத்தியதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. ஓராண்டு காலம் ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். குடிநோய் திரும்பித் திரும்பி வருகிற நோய், சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் போலப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று என்ற தெளிவோடு போனார்கள். அந்த அக்காவின் காலண்டரில் நாற்பத்து மூன்றாம் நாளில் யார் வந்திருக்க வேண்டுமோ அவர்கள் இங்கே வந்தார்கள். ஊரும் முன்னின்று அழைத்து வந்ததால், சிகிச்சைக்குப் போனவர் என்ற பழியும் குறைந்தது. ஒளிந்துகொண்டு பட்டணத்துக்குப் போகிறவர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார். ஊர் பார்க்கத் திருந்தியவருக்கு, மறுபடி குடிக்கக் கூப்பிடுகிறவனிடம் முடியாது என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கிறது.

இதற்கெல்லாம் டாக்டர்கள் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கோவாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களிடம் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அதிகம் போனால் நான்கு அமர்வு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு இது. பத்து சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்கக் கூடாது. ஒரு தெருவில் நூறு பேர் என்றால் பத்து வீடு.

பேச்சால் ஆகாத இடமும் உண்டு. சென்னையில் சாக்கடைக் குழியில் இறங்கி வேலை செய்த ஒருவரிடம் என் சக பணியாளர் குடியின் தீமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “குடிச்சா மூக்கு செத்துப்போயிடும் சார். மூக்கு செத்தாதான் உள்ள எறங்க முடியும்.” அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. எழவு வீட்டில் பறையடிக்கிறவருக்கும் குழிவெட்டுகிறவருக்கும் கூலியில் பாதியைச் சாராயமாகக் கொடுத்துப் பழக்கிய ஊர்கள், பிறகு அந்தத் தெருவைச் சுட்டிக் குடிகாரத் தெரு என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுக் குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த மனிதரைப் பொறுத்தவரை குடித்தடுப்பு என்றால் அந்தச் சட்டத்தை அமல்படுத்துவதுதான். அவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமையில்லை.

மதுக்கடையைப் பற்றி நீளமாக எழுத இது இடமில்லை. 1937-இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கிலிருந்து, இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் வந்த விற்பனை வரியிலிருந்து, 1971, 1974, 1981 என்று திறந்தும் மூடியும் வந்த வரலாற்றைத் தமிழர்கள் அறிவார்கள். 2003-இல் அரசே சில்லறை விற்பனைக்கு வந்தது. 2023-24-இல் அந்த விற்பனையில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மூடினால் கள்ளச் சாராயம் வரும் என்பார்கள். கடைகள் திறந்திருந்த 2024 ஜூனில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நேரமும் தூரமும் பலன் தரும். 2016-இல் கடை திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டாக்கினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வேலைக்குப் போய்விட்டவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் கடை இருக்கக் கூடாது என்று கேட்கும் பெண்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். கிராம சபை வேண்டாம் என்று தீர்மானம் போட்ட ஊரில் கடை வைப்பது தவறு.

ஐஸ்லாந்து நமக்கு எந்த வகையிலும் ஒப்பில்லை. சின்ன நாடு, பணக்கார நாடு. ஆனாலும் அவர்கள் செய்த ஒன்றை நான் பொறாமையோடு பார்க்கிறேன். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கிடைக்க நகராட்சிகள் பணம் ஒதுக்கின. இரவில் எத்தனை மணிக்கு மேல் தெருவில் நிற்கக் கூடாது என்று வயதுக்கு ஏற்ப வரையறுத்தார்கள். பெற்றோர்கள் கூட்டமாகச் சாயங்காலத் தெருக்களில் நடந்துவந்தார்கள். இதெல்லாம் பலரும் சொல்வதுதான். என் பொறாமை வேறு. பள்ளிகளில் கணக்கெடுப்பு நடத்திய ஆய்வாளர்கள், முடிவை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் தனித்தனியாகச் சில வாரங்களுக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். இது உங்கள் ஊரின் எண், இது போன முறை இருந்த எண் என்று. எண்ணை எடுத்தவர்கள் அதைக் கொடுத்தவர்களிடமே கொண்டுவந்து வைத்தார்கள்.

இலங்கைச் சிற்றூர்களிலும் இதே நியாயத்தில் ஒன்று நடந்திருக்கிறது. மதுத் தடுப்பில் ஈடுபட்ட சமூக அமைப்புகள் பிள்ளைகள் கையில் ‘மகிழ்ச்சி நாட்காட்டி’ ஒன்றைக் கொடுத்தன. வீட்டில் அன்றைய பொழுது எப்படிப் போனது என்பதைப் பிள்ளை சிரித்த முகமாகவோ வாடிய முகமாகவோ அதில் குறிக்கும். அப்பா அதைத் தினமும் பார்ப்பார். எனக்கு இது தெரியவந்தபோது கடைமடை ஊரின் அந்த ஆணி நினைவுக்கு வந்தது. அதே நாட்காட்டியை யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பெண் தானே செய்து வைத்திருந்தார். ஒரே வேறுபாடு, அவர் யாருக்கும் தெரியாமல் பென்சிலால் வரைந்தார். அதைப் பார்த்த முதல் வெளியாள் நான். நான் 25 என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஊரில் 112 வீடுகளில் படிவம் நிரப்பினேன். காலிகோ அட்டை போட்ட ஆய்வேடாக அது கல்லூரி நூலகத்துக்குப் போனது. எனக்குப் பட்டம் கிடைத்தது. கூலி கையில் வரும் மாதங்களில் குடி எவ்வளவு கூடுகிறது, மாலை போட்ட மாதத்தில் எத்தனை வீடுகளில் அடி நின்றது, விடிந்தால் போச்சு என்று எத்தனை ஆண்கள் சொன்னார்கள் என்பதெல்லாம் என் ஏட்டில் இருக்கிறது. அந்த ஊருக்கு மட்டும் தெரியாது. ஊரை விட்டு வந்த பிறகு அந்த அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை.

இப்போது சமூகப்பணி, சமூகவியல், செவிலியம், பொதுச் சுகாதாரம் படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரியில் இந்த ஆண்டும் ஏதாவது ஒரு ஊரில் குடியைப் பற்றிப் படிவம் நிரப்பப் போகிறீர்கள். ஆய்வேட்டைக் கட்டுவதற்கு முன்னால், பெயர் எதுவும் இல்லாமல், எண்களை மட்டும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும். அன்று கடையும் மூடியிருக்கும். அந்தத் தாளை அங்கே வாசித்துவிட்டு வாருங்கள்.